காலையில் சொல்லும் பதில்

1

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மதியச் சோற்று டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். மெஷின் நின்றுபோனால் எனக்கு ஆள் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஷெட்டின் சத்தம் குறைவதிலேயே தெரிந்துவிடும். ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் அது காகித விஷயம். டப்பாவை அப்படியே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

நான் இருப்பது கென்யாவில், நைரோபிக்கு வடக்கே திக்கா என்ற ஊரில். பனியன் துணி ஓட்டும் மில் ஒன்றில் நிட்டிங் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர். பிறந்தது திருப்பூர் வேலம்பாளையம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்து பனியன் கம்பெனிக்குப் போனவன். புது நூற்றாண்டு பிறந்த கையோடு இங்கே வந்தேன். அடுத்த வருடம் மனைவி தனமும் மகள் சௌமியாவும் வந்தார்கள்.

ஆபீசில் ஆட்களின் வேலை, பெர்மிட் எல்லாம் பார்ப்பவர் வாஞ்சிரு என்ற அம்மா. இந்த ஊர்க்காரர். ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து மேசைமேல் வைப்பதுபோலப் பேசுவார், அதனால் எனக்குப் புரியும். "உட்காருங்கள் மிஸ்டர் ரங்கசாமி" என்றார். ரங்கசாமி என்பது என் அப்பாவின் பெயர். என் பெயர் சுப்பிரமணி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று ஏஜெண்ட் அப்பாவின் பெயரை எழுதிவிட்டார். அதிலிருந்து இந்த நாட்டில் நான் ரங்கசாமிதான். ஆரம்பத்தில் யாராவது இப்படிக் கூப்பிட்டால், செத்துப்போன மனிதரை எதற்கு இழுக்கிறார்கள் என்று இருக்கும். இப்போது பழகிவிட்டது.

விஷயம் இதுதான். என் வேலைப் பெர்மிட் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருடம் இருப்பதாக இருந்தால் கம்பெனி இப்போதே மனுப் போட வேண்டும். குடியேற்ற அலுவலகத்தில் ஒரு ஜன்னலுக்கும் அடுத்த ஜன்னலுக்கும் நடுவில் மாதக்கணக்கில் காகிதம் தூங்கும். ஊருக்குத் திரும்புவதாக இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும், வேறு ஆள் பார்ப்பார்கள்.

நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், "ஸ்லீப் ஆன் இட். திங்கட்கிழமை காலையில் சொல்லுங்கள்."

2

இந்த ஆங்கிலப் பேச்சைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஏனென்றால் ஆங்கிலத்தில் எனக்கு முழுக்கத் தெரிந்தது இது ஒன்றுதான். என் வாழ்க்கையில் அது செய்த வேலையும் கொஞ்சமில்லை.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அதன் மேல் தூங்கு' என்று வரும். பாய்க்கும் கட்டிலுக்கும் சம்பந்தமில்லை. ஒரு பெரிய விஷயத்துக்கு உடனே பதில் சொல்லாதே, நடுவில் ஒரு ராத்திரி போகட்டும், காலையில் எழுந்து சொல் என்று அர்த்தம். கேட்பவரும் சொல்லலாம், பதில் சொல்ல வேண்டியவரும் சொல்லலாம். கேட்பவர் சொன்னால் அது ஒரு மரியாதை, 'உன்னை நெருக்கவில்லை' என்பது. பதில் சொல்ல வேண்டியவர் சொன்னால் அது ஒரு வாக்கு, 'காலையில் கட்டாயம் வருவேன்' என்பது.

டீ குடிக்கிறாயா என்று கேட்டதற்கு இதைச் சொல்லக் கூடாது. நான் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் சிரித்தார்கள். வேலை மாறுவது, வீடு வாங்குவது, கல்யாணம் போன்ற, ஒரு தடவை சொன்னால் திரும்ப எடுக்க முடியாத விஷயங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். முக்கியம் என்னவென்றால், காலை வந்தால் பதிலும் வந்தாக வேண்டும். இது எனக்குத் தெரிய ஒரு முழு நாள் ஆனது.

3

வந்த முதல் வருடம். பொது ஷிப்டில் மற்ற பிட்டர்களுக்குக் கீழே இருந்த என்னை, எல்லா மெஷின்களையும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று இதே வாஞ்சிரு அம்மா கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நம் ஊரில் தலையை ஆட்டும் விதத்தைப் பார்த்து இங்கே யாருக்கும் ஆம் என்றும் தெரியாது, இல்லை என்றும் தெரியாது. அவர் குழம்பிப்போய், "ஸ்லீப் ஆன் இட்" என்றார்.

பக்கத்தில் இருந்த குஜராத்திக் கணக்குப்பிள்ளை, எனக்கு அரைகுறையாகத் தெரிந்த இந்தியில் அதற்கு அர்த்தம் சொன்னார். யோசித்துச் சொல்லச் சொல்கிறார்கள் என்றார். சரி, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். திருப்பூரில் ஒரு முதலாளி, "யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினால், அந்த வேலை நமக்கு இல்லை, கேட்டதை மறந்துவிடு என்றுதான் அர்த்தம். பெரிய இடத்துக்காரர்கள், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனமில்லாமல் பக்குவமாகச் சொல்கிறார்கள் என்று நான் பேசாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்த அம்மாவே ஷெட்டுக்கு வந்தார். "என்ன, தூங்கினீர்களா? பதில் என்ன?" என்றார். நேற்று முடிந்துபோன விஷயத்தை இன்றைக்கு ஒருவர் உயிரோடு கொண்டுவந்து நிறுத்துகிறார். "யெஸ் மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவர் "சாவா சாவா" என்று கை கொடுத்தார். சுவாகிலியில் சாவா என்றால் சரி. இந்தச் சொல் தனத்துக்கு இன்றைக்கும் பிடிப்பதில்லை. நல்ல காரியம் ஒன்று நடந்தால் வாய் நிறையச் சாவு என்கிறார்களே என்பாள்.

அன்றிலிருந்து எனக்கு அந்த ஆங்கிலப் பேச்சின்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. என்னைப் போல வாய் திறக்கக் கூச்சப்படுகிறவனுக்கு அதைவிடப் பெரிய உதவி ஏது? எதிரில் ஆள் நிற்கும்போது எனக்கு ஒன்றுமே தோன்றாது. அவர் போன பிறகுதான் எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். அதற்காகவே இந்த ஆங்கிலேயர்கள் ஒரு ராத்திரியை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். லீவு, வீடு மாற்றம், சௌமியாவின் பள்ளி, எது கேட்டாலும் அதையே சொன்னேன். சொன்னபடி மறுநாள் போய்ப் பதிலும் சொன்னேன். அதனால் இங்கே எனக்கு ஒரு பெயர் உண்டு, ரங்கசாமி காலையில் சொல்வார் என்று.

4

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர்க்காரர்கள் படித்தால் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். கொங்கு நாட்டில் 'இல்லை', 'முடியாது' என்ற சொற்கள் உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம் அவற்றைச் சொல்ல மாட்டோம். நூல் வியாபாரி வந்து, "இந்த மாசம் நம்மகிட்ட எடுத்துக்கங்க" என்றால், "பாக்கலாமுங்க" என்போம். வேண்டாம் என்று அர்த்தம். பெண் கேட்டு வந்தால், "ஊட்ல பெரியவங்களக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்போம். அந்தப் பெரியவரே எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார். வந்தவரும் புரிந்துகொண்டு, மழை மாரி பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புவார். ஒருவர் மனமும் நோகாது. மறுபடி ரோட்டில் பார்த்தால் இரண்டு பேரும் நின்று பேசலாம்.

இதில் எல்லாவற்றுக்கும் பெரியது, "யோசிச்சுச் சொல்றனுங்க" என்பது. அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் கேட்டவருக்குத்தான் மரியாதை இல்லை.

ஆம் என்பதற்கு எங்களுக்குச் சொல்லே வேண்டியதில்லை. "அதுக்கென்னங்க" என்று எழுந்துவிடுவோம். பாதி வேலை அப்போதே தொடங்கியிருக்கும்.

சௌமியாவுக்கு இது எதுவும் தெரியாது. ஊருக்குப் போயிருந்தபோது என் மாமியார் இன்னொரு தோசை வைக்க வந்தார். "வேண்டாம்" என்று அவள் தட்டை இழுத்துக்கொண்டாள். மாமியார் தோசையோடு அப்படியே நின்றார். "பாப்பாளுக்குக் கோவமா?" என்று தனத்திடம் மெதுவாகக் கேட்டார். கோபமெல்லாம் இல்லை. பசி இல்லை, சொன்னாள், அவ்வளவுதான். என் பெண் மரியாதை இல்லாமல் வளர்கிறாளே என்று எனக்கு அன்றைக்கு வருத்தமாக இருந்தது. நான் எப்படி மாறிப்போயிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

5

நாலைந்து வருடத்துக்கு முன் நாங்கள் போன அந்த லீவைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தனத்தின் வீடும் வேலம்பாளையம்தான் என்பதால் அங்கே தங்கினோம். என் ஒரே அக்கா சரஸ்வதி அனுப்பர்பாளையத்தில் இருக்கிறாள். அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு இரண்டு நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பாத்திரப் பட்டறைகள். குடத்தை அடிக்கும் சத்தம் ஒரு பக்கம், மெஷின் சத்தம் ஒரு பக்கம். அந்த இரண்டுக்கும் நடுவில் அக்கா வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசியே பழகியவர்கள்.

திருப்பூர் அப்போது பறந்துகொண்டிருந்தது. எந்தச் சந்தில் திரும்பினாலும் 'ஆட்கள் தேவை' என்று அட்டை தொங்கும். தென்மாவட்டத்துப் பிள்ளைகள் மஞ்சள் பையோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், டீ குடித்து முடிப்பதற்குள் வேலை கிடைத்துவிடும். மச்சான் மூன்றாவதாக ஒரு மெஷின் வாங்கியிருந்தார். பெரிய மெஷின், வெளிநாட்டுச் சரக்கு. அந்த வாரம் இறக்கி மாட்ட வேண்டும்.

கறிச்சோறு ஆக்கிக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் மச்சான் என்னை ஷெட்டுக்கு அழைத்துப்போனார். காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். தரைக்குப் புதுசாகச் சிமெண்ட் போட்டிருந்தது.

"ஏனுங்க மாப்ளே, இந்த மெஷினுக்குக் கூலி ஆள வெச்சு ஓட்டறதுல எனக்கு மனசில்லீங்க. நீங்க வந்து நின்னீங்கன்னா ஆளுக்குப் பாதியாப் பாத்துக்கலாம். பணம் காசெல்லாம் ஒண்ணும் போட வேண்டாமுங்க. உங்க கை இருந்தாப் போதும்."

நான் இங்கே திக்காவில் எத்தனை நாள் மெஷின் முன்னால் நின்று, இதே வேலையை ஊரில் நின்று செய்ய மாட்டோமா என்று ஏங்கியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். வேலை ஒன்றுதான், ஊசி ஒன்றுதான், பஞ்சுத் தூசி ஒன்றுதான். ஆனால் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் டீக்கடையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. மச்சான் கேட்டது வேலை விஷயம் அல்ல. ஊருக்கு வா என்று என்னைக் கூப்பிட்டார்.

அந்த நேரத்தில் என் வாய் சொன்னது இதுதான். "யோசிச்சுட்டுக் காலைல வந்து சொல்றனுங்க மச்சான்."

மச்சானின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அதுவுஞ் சரிதானுங்க" என்றார். "மெதுவா யோசிங்க. வெயில் என்னமா அடிக்குது பாருங்க இந்த வருசம்." பிறகு மழையைப் பற்றிப் பேசினோம். அக்கா வெற்றிலைத் தட்டை நீட்டினாள். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள் என்பது பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வண்டியில் திரும்பும்போது தனத்திடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "என்னன்னு சொன்னீங்க?" என்றாள். காலையில் சொல்கிறேன் என்றேன் என்றதும், "அதுவும் நல்லதுதான், பெரிய விசயமில்லீங்களா" என்றாள். அவளுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அவளும் என்னோடு கென்யாவிலேயே இருந்தவள்தானே.

அன்று இரவு நான் ஆங்கிலேயர் சொல்வதுபோலவே நிம்மதியாகத் தூங்கினேன்.

6

காலையில் குளித்து, கடைவீதியில் ஒரு சீப்பு கற்பூரவல்லி, வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வாங்கிக்கொண்டு நானும் தனமும் போனோம். நல்ல விஷயத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது அல்லவா. தனம் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். வழியெல்லாம் எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெருவில் வீடு என்று பேசிக்கொண்டே வந்தாள்.

மச்சான் வீட்டு வாசலில் லாரி நின்றது. மெஷின் வந்திருந்தது. ஷெட்டில் ஊதுவத்தி வாசனை. மெஷினுக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்தவர் மச்சானின் பெரியப்பா மகன் பழனிசாமி. கணியூரில் விவசாயம் பார்த்தவர், கிணறு வற்றிப்போய் மாடுகளை விற்றுவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவர். நெற்றியில் குங்குமம் பெரிசாக இருந்தது. சட்டைப்பையில் ஷெட்டுச் சாவி.

"வாங்க வாங்க" என்று மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து நீங்க போனதுமே பழனிச்சாமிக்குச் சொல்லி அனுப்பிட்டனுங்க. அவனும் ராவோட ராவாக் கெளம்பி வந்துட்டான். நம்ம காரியம் நிக்கக் கூடாது பாருங்க." அவர் குரலில் வருத்தமே இல்லை. எனக்குச் சங்கடம் வரக் கூடாது என்று அவ்வளவு பக்குவமாகச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதனால் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி இருக்கும், அதைப் போக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

பழனிசாமி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "உங்க புண்ணியத்துல எனக்கு ஒரு வழி ஆச்சுங்க" என்றார்.

அக்கா எங்கள் கையில் இருந்த பழத்தையும் பூவையும் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, இதெல்லாம் எதுக்கு?" என்றாள். தனம் என்னைப் பார்த்தாள்.

"ஊருக்குக் கெளம்பறமில்ல. சொல்லிட்டுப் போலாமுன்னு வந்தோம்" என்றேன்.

லீவு முடிய இன்னும் நாள் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. காப்பி குடித்தோம். மெஷினை மாட்டும்போது லெவல் பார்க்க நானும் கை கொடுத்தேன். முதல் துணி இறங்கியதும் பழனிசாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நல்ல துணி. ஒரு கோடு இல்லை.

7

இனி போன மாதத்துக்கு வருகிறேன். வாஞ்சிரு அம்மா கேட்ட வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சொன்னேன். தனம் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டையை நிறுத்திவிட்டுச் சொன்னாள், "போயிரலாமுங்க. இந்தத் தடவ போயிரலாம்."

சௌமியாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு சுவாகிலியில் சண்டை போடுகிறாள், ஆங்கிலத்தில் படிக்கிறாள், எங்களிடம் மட்டும் தமிழ். அதுவும் பாதியில் நின்றுவிடும். "எனக்கு அங்க யாரயும் தெரியாதுப்பா" என்றாள். பிறகு, "அங்க போய் நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

அனுப்பர்பாளையத்து மாமாவோடு சேரலாம், இடம் இருக்குமோ என்னமோ என்றேன். அந்தப் பழைய கதையைத் தனம் அவளுக்குச் சொன்னாள். கேட்டுவிட்டு அவள் என்னையே பார்த்தாள்.

"இவ்வளவு வருசம் ஆச்சு. நீங்க ஏன் மாமாகிட்ட ஒரு தடவகூடக் கேக்கல?"

"எப்படிம்மா கேக்கறது?"

"எப்படின்னா? வாயாலதான்."

தனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சௌமியா எதையும் கிண்டலாகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. நேராகக் கேட்டால் எதிரில் இருப்பவர் நேராக மறுக்க வேண்டிவரும், அந்தச் சங்கடத்தை ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் எப்படி வளர்ந்தோம் என்பதை இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து விளக்குவது?

சனிக்கிழமை முழுக்க அவள் சொன்னதே காதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர் சர்ச்சில் பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால், போன் கார்டைச் சுரண்டி எண்ணைப் போட்டேன். ஊரில் அப்போது மதியம் ஆகப்போகிறது.

"மச்சானுங்களா? நான் சுப்பிரமணிங்க."

"சொல்லுங்க மாப்ளே! சௌக்கியங்களா? பாப்பாள் படிக்குதுங்களா? இருங்க, உங்க அக்காளக் கூப்புடறேன்."

"இல்லீங்க மச்சான், உங்ககிட்டத்தானுங்க பேசோணும்." போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். "எனக்கு ஊருக்கு வந்தரோணும்னு இருக்குதுங்க. உங்க ஷெட்ல எனக்கு ஒரு எடம் இருக்குதுங்களா?"

கேட்டுவிட்டேன். என் வாழ்நாளில் ஒருவரிடம் ஒன்றை இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் கவனித்தேன், போனில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. எப்போது கூப்பிட்டாலும் அந்த வீட்டில் அவர் பேச்சுக்குப் பின்னால் ஷெட் ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிறும் ஓடும். இப்போது யாரோ ஒருவர் பட்டறையில் குடம் தட்டும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். "பாக்கலாமுங்க மாப்ளே" என்பார். நான் புரிந்துகொண்டு, மழை பெய்ததா என்று கேட்பேன். அதற்கு மனதைத் தயாராக வைத்திருந்தேன்.

"வராதீங்க மாப்ளே" என்றார்.

நான் போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"வராதீங்க. உங்ககிட்ட எனக்கு மறைக்கத் தெரியலீங்க. ஆர்டரே இல்ல. கரண்டும் பாதி நேரம் இருக்கறதில்ல. ரெண்டு மெஷினுக்குத் துணி போத்தி வெச்சாச்சு. பழனிச்சாமி போன மாசமே கணியூருக்குப் போயிட்டான். அவனுக்குச் சொல்லி அனுப்பறதுக்குள்ள என்ற உசுரே போச்சுங்க. ஊருல நெறையப் பேருக்கு இதே கதிதான். இப்ப நீங்க வந்தீங்கன்னா ரெண்டு பேரும் வாசல்ல சேர் போட்டு உக்காந்து ரோட்டப் பாக்க வேண்டியதுதான். பாப்பாள் படிச்சு முடிக்கட்டுமுங்க. அங்கயே இருங்க."

எங்கள் குடும்பத்தில் ஒருவர் இன்னொருவரிடம் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பாக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் நாசூக்காக விலகியிருப்பேன், அவருக்கும் சுலபம். ஆனால் பாக்கலாம் என்பதை நான் இங்கே இருந்து எப்படி எடுத்துக்கொள்வேனோ, நம்பிப் பெட்டியைக் கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று பயந்திருக்கிறார். அதனால் தன் கௌரவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, தொழில் படுத்துவிட்டது என்பதைத் தன் வாயால் மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மறுத்துவிட்டாரே என்று அல்ல.

"சரிங்க மச்சான்" என்றேன்.

"என்ன திடீர்னு? அன்னைக்கு அத்தன ஆசையாக் கூப்புட்டப்ப வேண்டாம்னுட்டீங்க."

"நான் வேண்டாம்னு சொல்லலீங்க."

"யோசிச்சுச் சொல்றேன்னீங்களே."

"நெசமாவே யோசிக்கறதுக்குத்தானுங்க கேட்டேன். மறுநாள் காலைல வாரேன்னு சொல்லத்தான் ரெண்டு பேரும் வந்தோம்."

மச்சான் குரலை இறக்கிக் கேட்டார்.

"அந்தப் பழம், பூவெல்லாம் அதுக்குங்களா?"

"ஆமாங்க."

"அட சாமி" என்றார். "ஏனுங்க வாயத் தொறக்கல?"

"பழனிச்சாமி சாவியோட நின்னாருங்களே. நான் என்னங்க சொல்றது?"

"உங்க அக்கா அன்னைக்குப் பூராச் சோறு திங்கல, தெரியுங்களா? என்ற தம்பிக்கு நம்ம கூட இருக்கப் புடிக்கலயேன்னு." பிறகு போனை விட்டு விலகி, உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "ஏ சரசு, இங்க வா. உன்ற தம்பி என்ன சொல்றாருன்னு வந்து கேளு."

அக்கா வந்தாள். மச்சான் அவளுக்கு விஷயத்தைச் சொல்லுவது எனக்குக் கேட்டது. அவள் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அவள் மூச்சு விடுவது தெரிந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். கார்டு தீர்ந்து தானாகவே நின்றுபோனது.

8

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போய், இரண்டு வருடம் இருக்கிறேன் என்று சொன்னேன். வாஞ்சிரு அம்மா சாவா சாவா என்று காகிதங்களை எடுத்து நீட்டினார். அப்பா பெயருக்கு நேரே என் கையெழுத்தைப் போட்டேன். தனம் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, பிறகு பேசினாள். சௌமியா, "கேட்டீங்களாப்பா?" என்றாள். கேட்டேன் என்றேன். "குட்" என்று பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் நினைத்தேன், மனதில் கிடந்ததைச் சொல்லியாகிவிட்டது, அவர்களும் புரிந்துகொண்டார்கள், இனிமேல் இங்கே இருப்பது சுலபமாக இருக்கும் என்று. அப்படி இல்லை. இத்தனை வருடமாக அக்கா எப்போது பேசினாலும் கடைசியில், "எப்பக் கண்ணு ஊருக்கு வாரே?" என்று கேட்பாள். சௌக்கியமா என்று கேட்பதுபோல அதுவும் ஒரு வழக்கம். நானும் வழக்கமாக, "பாக்கலாமுக்கா" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டு தடவை பேசிவிட்டோம். பருப்பு விலை, தண்ணீர் வராதது, முழங்கால் வலி, எல்லாம் சொன்னாள். வரத்தான் எனக்கு ஆசை, வந்தால் நிற்க இடமில்லை என்பது இப்போது அவளுக்குத் தெரியும். கடைசியில், "சரி கண்ணு, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். எப்போது வருகிறாய் என்று அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை.